ஒரு பக்கமாகவே நீடிக்கும் தொண்டை வலி: புற்றுநோயாக இருக்குமா?

கேள்வி: என் வயது 51. கரூரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பத்து வாரங்களாகத் தொண்டையின் வலது பக்கத்தில் மட்டும் வலி இருக்கிறது. எச்சில் விழுங்கினால் குத்துகிறது. சில நாள்களில் வலி வலது காதுக்குள்ளும் போகிறது. காதைப் பார்த்த மருத்துவர் காது நன்றாக இருப்பதாகச் சொன்னார். பக்கத்து கிளினிக்கில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும்வரை கொஞ்சம் குறைந்து, நிறுத்தியதும் வலி திரும்பிவிட்டது. அல்சராக இருக்குமோ என்று வயிற்றுக்கு என்டாஸ்கோப்பியும் எடுத்தேன், நார்மல் என்றார்கள். இருபது வருடம் சிகரெட் பிடித்தேன். ஆறு வருடங்களுக்கு முன் விட்டுவிட்டேன். எப்போதாவது மது உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்கு போடுவேன், புகையிலை சேர்ப்பதில்லை. என் தாய்மாமா தொண்டைப் புற்றுநோயில் இறந்தவர். இரவில் செல்போன் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் டான்சிலில் ஒரு வெள்ளைப் புள்ளியும் நாக்கின் பின்னால் சில மேடுகளும் தெரிகின்றன. நேராக பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே, உண்மையா? வைகாசியில் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். அது முடியும்வரை தள்ளிப்போடலாமா? மனைவியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது புற்றுநோய் என்றோ, இல்லை என்றோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கமாக வரும் தொண்டை வலிகளில் பெரும்பாலானவை புற்றுநோயால் வருபவை அல்ல என்பது உண்மை. அதே சமயம், நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள், தாமதிக்காமல் நேரில் பார்த்தே தீர வேண்டிய வகையில் உங்கள் வலியைச் சேர்க்கின்றன என்பதும் உண்மை. ஆகவே இந்த வாரத்துக்குள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். டார்ச் அடித்து வாயைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஸ்கோப் என்ற, உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாயைக் குரல்வளைவரை வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். இதுவரை உங்களுக்கு மருந்து கிடைத்திருக்கிறது, ஸ்கேன் யோசனை கிடைத்திருக்கிறது, வயிற்றுப் பரிசோதனைகூட நடந்திருக்கிறது; வலிக்கிற இடத்தை மட்டும் இன்னும் யாரும் முழுமையாகப் பார்க்கவில்லை. என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

சாதாரணமாக வைரஸ் கிருமியால் வரும் தொண்டை வலி இரு பக்கமும் பரவி இருக்கும். சளி, காய்ச்சல், உடல் வலி ஆகியவற்றோடு வந்து ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். மூன்று வாரங்களைத் தாண்டியும் ஒரே பக்கத்தில் ஒரே இடத்தில் நிற்கிற வலியை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிலும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர், நெடுங்காலம் புகைபிடித்தவர், அந்தப் பக்கக் காதும் வலிக்கிறது என்கிறவர் வந்தால், ஸ்கோப் வைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது எங்கள் துறையில் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லித்தரப்படும் விஷயம்.

காது வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காதில் ஒன்றுமில்லை என்று சொன்னதும் நீங்கள் நிம்மதியடைந்துவிட்டதாகத் தெரிகிறது. மூளையிலிருந்து நேரடியாக வரும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஒன்பதாவது நரம்பு டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் உணர்வைக் கொடுக்கிறது. அதே நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. பத்தாவது நரம்பு குரல்வளைக்கும் உணவுக்குழாய் தொடங்கும் இடத்துக்கும் கிளை அனுப்புவதோடு, காதுத் துளையின் தோலுக்கும் ஒரு சிறு கிளையை அனுப்புகிறது. காதைக் குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வருகிறதே, அது இந்தக் கிளையின் வேலைதான். ஆகவே தொண்டையில் எழும் வலியை மூளை காதின் வலியாகவும் எடுத்துக்கொள்ளும். டான்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சில நாள்கள் காது வலிக்கிறது என்று சொல்வதும் இதனால்தான். காதைச் சோதித்து அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் காது வலி தொடர்ந்தால், அந்த வலியின் ஊற்று எங்கே என்று பல், தாடை மூட்டு, டான்சில், நாக்கின் அடி, குரல்வளை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். காது நார்மல் என்ற முடிவு, தொண்டையைக் கவனமாகப் பார்ப்பதற்கான காரணமே தவிர, பார்க்காமல் விடுவதற்கானது அன்று.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டபோது வலி குறைந்ததால் இது வெறும் தொற்றுதான் என்றும் முடிவு கட்ட முடியாது. தொண்டையில் ஒரு புண்ணோ கட்டியோ இருந்தால் அதன் மேற்பரப்பில் கிருமிகள் சேர்ந்து அழற்சியை உண்டாக்கும். மருந்து அந்தக் கிருமிகளை அடக்கும்போது வலியும் ஓரளவு தணியும். அடியில் இருப்பது அப்படியே இருக்கும். மூன்றாவது முறையாக வேறொரு ஆன்டிபயாடிக் எழுதித்தர யாராவது முன்வந்தால், முதலில் உள்ளே பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம். மருந்துக் கடையில் "தொண்டை வலிக்கு" என்று கேட்டால் சில இடங்களில் ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். வீக்கத்தைத் தற்காலிகமாக வற்றச் செய்து நோயை மறைப்பது ஒரு கெடுதல். டான்சிலில் வரும் லிம்ஃபோமா என்ற வகைப் புற்றுநோயாக இருந்தால் சதைப் பரிசோதனையின் முடிவையே அது குழப்பிவிடக்கூடும் என்பது அதைவிடப் பெரிய கெடுதல்.

என்டாஸ்கோப்பி நார்மல் என்பதிலும் இதே போன்ற ஒரு மயக்கம் இருக்கிறது. வயிற்று என்டாஸ்கோப்பி என்பது உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றைப் பார்ப்பதற்கானது. குழாய் தொண்டை வழியாகத்தான் உள்ளே போகிறது என்றாலும், நோயாளி குமட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் டான்சிலின் பின்பக்கம், நாக்கின் அடி, குரல்வளையின் இரு பக்கங்களிலும் உள்ள பள்ளங்கள் ஆகியவற்றை நின்று பார்க்க நேரம் இருப்பதில்லை. அந்த அறிக்கை உங்கள் வயிற்றுக்குப் பொருந்தும். தொண்டைக்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இனி நீங்கள் கண்ணாடியில் பார்த்தவை. நாக்கின் பின்பகுதியில் இரு பக்கமும் சமமாக, தலைகீழ் "ப" போலவோ அம்பு முனை போலவோ வரிசையாகத் தெரியும் மேடுகள் எல்லோருக்கும் உண்டு; அவை சுவை உணரும் மொட்டுகள் அடங்கிய இயற்கையான அமைப்பு. பயத்தில் நாக்கை நீட்டிப் பார்ப்பவர்கள் முதல்முறையாக இவற்றைக் கவனித்துவிட்டுக் கட்டி என்று நினைத்து வருவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. டான்சிலில் உள்ள வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் டான்சில் கல்லாக இருக்கும். டான்சிலின் மேல் சிறு குழிகள் உண்டு. அவற்றில் உணவுத் துணுக்கும் உதிர்ந்த செல்களும் கிருமிகளும் தங்கி, வெண்மஞ்சள் நிறத்தில் கட்டிதட்டிப் போகும். வாய் நாற்றம், ஒரு பக்கமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் உணர்வு, சில சமயம் லேசான காது வலி ஆகியவை அதனால் வரலாம். ஆனால் அதைத் தீப்பெட்டிக் குச்சியாலோ இயர்பட்ஸாலோ நோண்டாதீர்கள். புண்ணாகி, பரிசோதனைக்குப் போகும்போது எது பழையது எது புதியது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடும். முக்கியமாக, டார்ச் வெளிச்சத்தில் நீங்கள் பார்க்க முடிவது தொண்டையின் முன்வாசல் மட்டுமே. நாம் அஞ்சுகிற நோய் இருந்தாலும் அது கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் இருக்க வாய்ப்புண்டு. கண்ணாடியில் தெரிவதோ பெரும்பாலும் பயப்பட வேண்டாததாக இருக்கும். ஆகவே இரவு நேரப் பரிசோதனையை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

புற்றுநோய் அல்லாத காரணங்கள் என்னென்ன என்று கேட்பீர்கள். அவற்றில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனெனில் பல மருத்துவர்களிடம் அலைந்த பிறகே பலருக்கு அது தெரியவருகிறது. காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து கீழ்நோக்கி ஊசிபோல நீளும் ஸ்டைலாய்டு என்ற சிறு எலும்பு இரு பக்கமும் உண்டு. வழக்கமாக அதன் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சிலருக்கு அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டோ, அதோடு இணைந்த தசைநார் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியோ, டான்சில் இருக்கும் பள்ளத்தில் வந்து உறுத்தும். 1937இல் வாட் ஈகிள் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே இந்த நோய் வழங்குகிறது. ஒரு பக்கத் தொண்டையில் முள் குத்துவது போன்ற வலி, விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் அதிகமாவது, காதுக்குப் பரவுவது ஆகியவை இதன் அடையாளங்கள். மருத்துவர் கையுறை அணிந்த விரலால் டான்சில் பள்ளத்தை அழுத்தும்போது, "இதே வலிதான்" என்று நோயாளியே சொல்லிவிடுவார். எலும்பு நீளமாக இருப்பவர்கள் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை என்பதால், ஸ்கேனில் நீளமாகத் தெரிந்தது என்பதற்காக மட்டும் அதன்மேல் பழி போட்டுவிடக் கூடாது. மற்றவை இல்லை என்று உறுதியான பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

ஒன்பதாவது நரம்பிலேயே வரும் நரம்பு வலி வேறு வகை. குளிர்ந்த நீர் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று வந்து, சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். இடையில் முற்றிலும் வலியே இருக்காது. நீங்கள் விவரிக்கும் வலி அப்படித் தோன்றவில்லை. கீழ்க்கடைவாயில் ஞானப்பல் பாதி முளைத்து ஈறு வீங்கியிருப்பது, தாடை மூட்டின் தேய்மானம், எச்சில் சுரப்பியில் கல், தைராய்டு அழற்சி, சிக்கிக்கொண்ட மீன் முள், இரைப்பை அமிலம் தொண்டைவரை ஏறுவது ஆகியவையும் ஒரு பக்க வலியாகத் தெரியலாம். அமிலத்தால் வரும் தொந்தரவு பெரும்பாலும் நடுவிலோ இரு பக்கமுமோ இருக்கும். காசநோயும் நம் நாட்டில் தொண்டையிலும் குரல்வளையிலும் வரக்கூடியது என்பதால், மாலைக் காய்ச்சலோ நீடித்த இருமலோ இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத சில விவரங்கள் எனக்குத் தேவைப்படுகின்றன. நேரில் செல்லும்போது உங்கள் மருத்துவரும் இவற்றைக் கேட்பார். வெறும் எச்சில் விழுங்கும்போது குத்துகிறது, ஆனால் இட்லியோ சோறோ தடையில்லாமல் இறங்குகிறது என்றால் அது ஓரளவு ஆறுதலான செய்தி. கெட்டியான உணவு நிற்கிறது, தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது, பிறகு கஞ்சிக்கு மாற வேண்டியிருந்தது என்றால் அது அவசரமான செய்தி. குரல் மூன்று வாரங்களுக்கு மேல் கரகரப்பாகவே இருக்கிறதா, சூடான உணவை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மாறியிருக்கிறதா? எச்சிலிலோ சளியிலோ ரத்தம் கலந்து வருகிறதா? வேட்டி, சட்டை தளர்ந்துபோகும் அளவுக்குக் காரணமின்றி எடை குறைந்திருக்கிறதா? வாயை முன்போல் அகலமாகத் திறக்க முடிகிறதா? சவரம் செய்யும்போது தாடை எலும்புக்குக் கீழே வலது பக்கத்தில் கெட்டியான, வலிக்காத ஒரு நெறி கையில் தட்டுப்படுகிறதா? நெறி கட்டியது வலித்தால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தொண்டைப் புற்றுநோயில் கழுத்தில் வரும் நெறி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரம் என்பதை நாளை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். மருத்துவர் முதலில் உங்கள் வாயை முழுவதுமாகப் பார்ப்பார். நாக்கின் ஓரங்கள், கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் எல்லாம் அதில் அடங்கும். பிறகு பின்னால் நின்று இரு கைகளாலும் கழுத்தின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுத் தடவிப் பார்ப்பார். டான்சிலையும் நாக்கின் அடியையும் விரலால் தொட்டுப் பார்ப்பதும் முக்கியம். சளிச்சவ்வுக்கு அடியில் இருக்கும் கெட்டித்தன்மை கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தெரிவதுண்டு. அதன்பின் மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, பென்சிலைவிட மெல்லிய, வளையும் ஸ்கோப்பை மூக்கு வழியாக இறக்குவார். சில இடங்களில் தொண்டையில் மருந்து தெளித்து, நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு, வாய் வழியாக நேரான ஸ்கோப் வைப்பார்கள். "ஈ" என்று இழுத்துச் சொல்லச் சொன்னால் குரல்நாண்கள் சேர்வதைப் பார்க்கிறார் என்று பொருள். பலூன் ஊதுவதுபோல் கன்னத்தை உப்பச் சொன்னால் குரல்வளைக்குப் பக்கத்தில் உள்ள பள்ளங்கள் விரிந்து உள்ளே இருப்பது தெரியும். மூக்கில் ஓர் அழுத்தம், கொஞ்சம் கண்ணீர், தொண்டை தடித்ததுபோல் ஓர் உணர்வு, அவ்வளவுதான். மயக்க மருந்து தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது எதுவும் குடிக்காமல் சாப்பிடாமல் இருங்கள், மரத்த தொண்டையில் புரையேறிவிடும்.

நேராக பெட் ஸ்கேன் எடுக்க வேண்டாம். சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் இடங்களை ஒளிரச் செய்து காட்டும் ஸ்கேன் அது; அழற்சியும் அதில் ஒளிரும், நோயில்லாத டான்சிலும் ஓரளவு ஒளிரும். தேவையில்லாத இடத்தில் கிடைக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி உங்களை இன்னும் பல மாதங்கள் அலைக்கழிக்கும். பெட் ஸ்கேனுக்குரிய இடம் வேறு: நோய் உறுதியான பிறகு அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்கும், கழுத்து நெறியில் புற்றுநோய் என்று தெரிந்தும் அது தொடங்கிய இடம் புலப்படாதபோது தேடுவதற்கும் அது பயன்படும். ரத்தப் பரிசோதனையில் தொண்டைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியாது. மாஸ்டர் செக்கப்பில் தொண்டையை யாரும் பார்ப்பதும் இல்லை. ஸ்கோப்பில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தாலோ, எதுவும் தெரியாமலே வலி தொடர்ந்தாலோ, கழுத்துக்கு நரம்பூசி வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனோ, நாக்கின் அடிப்பகுதிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ மருத்துவர் கேட்பார். கழுத்தில் நெறி இருந்தால் அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் சோதிப்பார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: தொண்டையைப் பார்க்காமலே கழுத்து நெறியை அறுத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் தொண்டை, அடுத்து ஊசிப் பரிசோதனை, அறுப்பது கடைசி.

சதை எடுத்தால் பரவும் என்ற பேச்சு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. முன்பெல்லாம் விழுங்கவே முடியாத நிலையில்தான் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். சதை எடுத்த சில மாதங்களில் இறந்தார்கள். பார்த்தவர்கள் "கத்தி வைத்ததால்தான்" என்று சொன்னார்கள். அவர்களின் உயிரைக் கொண்டுபோனது முற்றிய நோய். தொண்டையிலிருந்து கிள்ளி எடுக்கும் சிறு துணுக்கால் நோய் பரவிவிடுவதில்லை. அந்தத் துணுக்கு இல்லாமல் தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முறையான சிகிச்சை தொடங்கவும் முடியாது. எந்த வகைச் செல், எச்.பி.வி. என்ற வைரஸின் தொடர்பு உண்டா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். சந்தேகத்துக்குரிய இடம் இருந்தால் பயாப்சிக்கு மறுக்காமல் சம்மதியுங்கள். தொண்டையின் ஆழத்தில் என்றால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம்.

தாய்மாமாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்று நினைத்துக் கலங்க வேண்டாம். தொண்டைப் புற்றுநோயில் பரம்பரையின் பங்கு சிறியது. குடும்பத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றுகிற புகையிலைப் பழக்கத்தின் பங்கே பெரியது. அவர் புகையிலை உபயோகித்தவரா என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் சிகரெட்டை விட்டது மிக நல்ல காரியம். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து இறங்கிக்கொண்டே வரும், ஆனால் ஆறு ஆண்டுகளில் அது முழுவதும் நீங்கிவிடாது. புகையும் மதுவும் சேரும்போது ஆபத்து இரண்டின் கூட்டுத்தொகையைவிடவும் அதிகமாகிறது என்பதால் மதுவையும் நிறுத்திவிடுங்கள். வெற்றிலை பாக்கைப் பற்றி நீங்கள் அடைப்புக்குறி போட்டதுபோல் "புகையிலை சேர்ப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. விருந்தோம்பலோடும் சடங்கோடும் கலந்துவிட்ட பழக்கம் என்பதால் இதை ஏற்க மனம் வராது, தெரிகிறது. தாம்பூலத் தட்டில் இருக்கட்டும், வாயில் வேண்டாம்.

திருமணம் முடியும்வரை தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. இதில் தகப்பனாகிய உங்கள் மனம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இரண்டு வழிகளையும் எண்ணிப் பாருங்கள். பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால், பத்திரிகை கொடுக்கப் போகும் வீடுகளில் ஒவ்வொரு வாய் காப்பியையும் பயந்து பயந்து விழுங்க வேண்டிய நிலை உங்களுக்கு இருக்காது. ஒருவேளை நோய் என்று தெரிந்தால், பயாப்சி முடிவு வரவும், ஸ்கேன் எடுக்கவும், பல் மருத்துவர் பார்க்கவும், மருத்துவக் குழு கூடித் திட்டமிடவும் எப்படியும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அந்த நேரத்தில் திருமணத் தேதியை மருத்துவரிடம் சொன்னால், தவறவிடாமல் நீங்கள் மணமேடையில் நிற்கும்படி சிகிச்சையை அமைக்க அவர் முயல்வார். பார்க்காமலே காத்திருந்தால், ஒரே ஒரு சிகிச்சையோடு முடிந்திருக்க வேண்டியது இரண்டு மூன்று சிகிச்சைகளாக வளர்ந்து நிற்கக்கூடும்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். குரல்நாணில் மட்டும் தொடக்க நிலையில் இருக்கும் புற்றுநோய், கதிர்வீச்சாலோ லேசர் அறுவையாலோ பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குணமாகிறது, குரலும் காப்பாற்றப்படுகிறது. தொடக்க நிலை டான்சில் புற்றுநோயையும் பெரும்பாலும் ஒரே சிகிச்சையால் குணப்படுத்த முடிகிறது. கழுத்துக்குப் பரவியபின் வந்தால், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு வாரங்கள் கதிர்வீச்சு, அதோடு கீமோதெரபி, சில சமயம் பெரிய அறுவை சிகிச்சை என்று நீளும். அப்போதும் குணமாகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் படும் பாடு அதிகம். செலவை நினைத்தும் ஒதுங்க வேண்டாம். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. திருச்சியிலும் கோவையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் போகலாம். மேற்சிகிச்சை தேவைப்பட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும். உங்கள் குடும்பத்துக்குத் தகுதி உண்டா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பத்து வாரங்களாக நீங்கள் இரவில் எழுந்து கண்ணாடி முன் நிற்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். பயந்துபோயிருக்கும் ஒருவருக்கு மருத்துவர் சொல்வதில் பாதிதான் காதில் விழும்; மீதியைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள உடன் ஒருவர் வேண்டும். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், என்டாஸ்கோப்பி அறிக்கை, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஏதேனும் இருந்தால் அவற்றின் விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

பரிசோதனை நாள்வரை வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளிக்கலாம். வலி அதிகமாக இருந்தால், கல்லீரல் கோளாறு எதுவும் இல்லாதவராக இருந்தால், 650 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்றை எட்டு மணி நேர இடைவெளியில் எடுத்துக்கொள்ளலாம். கழுத்தில் சுண்ணாம்பு, மஞ்சள் பற்றுப் போட்டுத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாயிலிருந்து புதிய ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனாலோ முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் 108ஐ அழையுங்கள்.

ஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டால், நடப்பதற்கு அதிக வாய்ப்புள்ளது அதுதான் என்றாலும், அத்தோடு கோப்பை மூடிவிடாதீர்கள். மருத்துவர் கண்டுபிடித்த காரணத்துக்கு ஏற்ற சிகிச்சையை நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுத்துப் பாருங்கள். வலி போய்விட்டால் நல்லது. அதே பக்கத்தில், அதே இடத்தில் வலி நின்றால், அவரிடமே திரும்பிச் சென்று ஸ்கோப்பை மறுபடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் தெளிவில்லை என்றால் ஸ்கேன் எடுப்பதைப் பற்றியும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். இப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.